ஆறு கிராம் பொறாமை

ஒரு காலைப்பொழுது. கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் அடுக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். இடது கையில் இருநூறு கிராம் எடைக்கல். வலது கையில் சின்ன ஸ்க்ரூடிரைவர். கல்லைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் ஈயத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். எடை சரியாக வருவதற்காக அதில் ஈயம் அடைத்திருப்பார்கள். அதைச் சுரண்டி எடுத்தால் கல்லின் எடை குறைந்துவிடும். மேலே பொறித்த எண் மட்டும் மாறாது. மளிகைக் கடைக்காரன் செய்யக்கூடாத பாவங்களில் முதல் பாவம் இது. தொழுகைக்குப் பிந்தி வருகிற கடைக்காரனை எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். எடையில் கை வைத்தவனைப் பொறுக்க மாட்டார்கள்.

நான் யாரையும் ஏமாற்றிச் சம்பாதிக்க அதைச் செய்யவில்லை. என் மனைவி நடத்திய ஒரு விளையாட்டு கெட்டுப்போக வேண்டும் என்று செய்தேன். கடையின் முன்பக்கத்தில் அவள் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்கிறது. கேட்கக் கேட்க என் கை இன்னும் வேகமாகத் தோண்டுகிறது.

இந்தத் தொடரில் உங்களைப் பற்றி நல்லதை மட்டுமே எழுதுகிறீர்கள் என்று போன வாரம் ஒரு வாசகர் கடைக்கே வந்து சொல்லிவிட்டு, கால் கிலோ சீரகமும் வாங்கிக்கொண்டு போனார். இந்த வாரம் அவருக்காக.

சக்கரம் வேண்டாம் என்றேன்

எங்கள் கடை தேக்காவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பருப்பு, மசாலா, பாதாம், முந்திரி, பேரீச்சை. அத்தாவுக்குப் பிறகு முப்பது வருஷமாக நான்தான் கல்லாவில். கைத்தொலைபேசியைத் தட்டினால் துவரம்பருப்பு வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிற காலம் வந்ததும் கூட்டம் மெலிந்தது. சனி, ஞாயிறுகளில் பாதி ஊர் உட்லண்ட்ஸ் வழியாக எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய் அரிசியும் எண்ணெயும் வாங்கிக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்தவர்களை எங்கள் பக்கத்துத் தொலைபேசிக் கடை பிடித்துக்கொண்டது.

அந்தக் கடைக்காரர் வாசலில் ஒரு பரிசுச் சக்கரம் வைத்திருந்தார். சுற்றி விளக்கு, பாட்டு. ஏதாவது வாங்கினால் ஒரு முறை சுற்றலாம். குடை கிடைக்கும், சார்ஜர் கிடைக்கும், பெரும்பாலும் சாவிக்கொத்துதான் கிடைக்கும். அதற்கும் வரிசையில் நின்றார்கள். வரிசையின் வால் எங்கள் கடை வாசலில் முடியும். எங்கள் பேரீச்சம்பழத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, எங்கள் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிற்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ரஹீமா பாலர் பள்ளி ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கடைக்கு வர ஆரம்பித்தாள். வந்த மூன்றாம் நாளே சொன்னாள்.

"மச்சான், நாமளும் ஒரு கேம் வைக்கலாம்."

"சக்கரமா? அது சூதாட்டம் மாதிரி. நம்ம கடைக்கு ஆகாது."

மார்க்கத்தை நினைத்து நான் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்கு முதலில் தோன்றியது எனக்குத் தோன்றவில்லையே என்ற எரிச்சலில் சொன்னேன். ரஹீமா அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் சுவரில் அலங்காரமாக மாட்டியிருந்த அத்தா காலத்துத் தட்டுத் தராசைக் கழற்றித் துடைத்தாள்.

"அதிர்ஷ்டம் இருந்தாத்தானே சூதாட்டம்? இதுல அதிர்ஷ்டமே இல்ல. கைத் திறமைதான். காசும் கட்ட வேணாம், பொருளும் வாங்க வேணாம்."

ஆட்டம் இதுதான். வாசல் நடைபாதையில் ஒரு மேசை. மேசைமேல் தராசு. ஒரு தட்டில் இருநூறு கிராம் கல். பக்கத்தில் ஒரு தொட்டி நிறையப் பச்சைப்பயறு. இரண்டு கையாலும் ஒரே முறை அள்ளி மறு தட்டில் போட வேண்டும். முள் நடுவில் நின்றால் இருநூறு கிராம் பாதாம் பரிசு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்பு. 'இந்தப் பயறு விளையாட மட்டும், விற்பனைக்கு அல்ல' என்று பாலர் பள்ளிக் கையெழுத்தில் எழுதி ஒட்டினாள். முதல் நாள் எல்லார் கண்ணுக்கு முன்னாலும் அந்தக் கல்லைக் கடையின் மின் தராசில் வைத்துக் காட்டினாள். சரியாக இருநூறு.

நட்சத்திரம்

ஆட்டத்தைத் தொடங்கிவைக்க என்னைத்தான் கூப்பிட்டாள். "எங்க மச்சானுக்குத் தராசே வேணாம், கையே போதும், பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். நானும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தேன். முப்பது வருஷம் அள்ளிப் போட்ட கை அல்லவா.

அள்ளிப் போட்டேன். என் தட்டு 'டக்' என்று மேசையில் போய் உட்கார்ந்தது.

"பயறு ஈரமா இருக்கு" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உண்மை என்னவென்றால், கடையில் நான் தகரக் கரண்டியால் அள்ளிப் பழகியவன். வெறுங்கையின் அளவு எனக்குத் தெரியாது.

ரஹீமா சிரிக்கவில்லை. "பரவால்ல, குட் டிரை" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கரை எடுத்து என் சட்டைப் பையில் ஒட்டினாள். இருபது வருஷம் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஒட்டிய பழக்கம். கூட்டம் கைதட்டியது. பிறகு அவள் அள்ளினாள். தட்டு ஆடியது, ஆடி நின்றது, முள் நடுவில் வந்து நின்றது. களிமண்ணை இருபது பிள்ளைகளுக்கும் குறையாமல், கூடாமல் பிய்த்துக் கொடுத்த கை அது. ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் குறைந்தாலும் வகுப்பே அழும் என்று அவள் பிறகு சொன்னாள்.

கைதட்டல் இந்த முறை பெரிதாக இருந்தது. நான் உள்ளே போய்க் கல்லாவில் உட்கார்ந்தேன். நட்சத்திரத்தைப் பிய்த்து எறிந்தேன். பசை மட்டும் சட்டையில் தங்கிவிட்டது.

பழைய வியாதி

எனக்கு இந்த வியாதி புதிதல்ல. சின்ன வயதில் கேலாங்கில் நாங்கள் குடியிருந்தபோது, வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் ஒரு கேளிக்கை விழா நடந்தது. வளையம் எறியும் கடை ஒன்று. என் பள்ளித் தோழன் செல்வம் மூன்று வளையத்தில் ஒன்றைச் சரியாகப் போட்டு, ரோஜாப்பூப் படம் போட்ட ஒரு சுடுநீர்க் குடுவையை ஜெயித்தான். அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். நான் வைத்திருந்த சில்லறை எல்லாம் போயும் எனக்கு ஒன்றும் விழவில்லை.

மறுநாள் வகுப்பில், செல்வம் எல்லைக் கயிற்றைத் தாண்டி எட்டி எறிந்தான் என்று சொன்னேன். அவன் தாண்டவில்லை. பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். அவன் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு என்னோடும் பேசவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவனை ஒரு திருமணத்தில் பார்த்தேன். இருவரும் பிரியாணியைப் பற்றிப் பேசிவிட்டுப் பிரிந்தோம்.

டீச்சர் கடை

இரண்டே மாதத்தில் எங்கள் வாசலில் வரிசை நின்றது. தொலைபேசிக் கடைக்கு வந்தவர்கள் இங்கே பயறு அள்ள வந்தார்கள். அலுவலக உடையில் சீனப் பெண்கள், வேலை முடிந்து வந்த கட்டுமானத் தொழிலாளர்கள், பேரப்பிள்ளையோடு நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மலாய்ப் பாட்டிகள் எல்லாரும் வந்தார்கள். அள்ளித் தோற்றவர்கள் சும்மா போகக் கூச்சப்பட்டு அரைக் கிலோ ஏதாவது வாங்கினார்கள். வியாபாரம் கூடியது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

எனக்கு வயிறு எரிந்தது. நேராகவே சொல்லிவிடுகிறேன். இருபது வருஷமாக என்னிடம் மல்லி வாங்கியவர்கள் என்னைத் தாண்டிப்போய், "டீச்சர், இன்னைக்கு நல்ல மல்லி எது?" என்று அவளிடம் கேட்டார்கள். மல்லியைப் பார்த்து வாங்கி வந்தவன் நான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, நான் சொல்வதைக் கேட்டு, அதையே அவர்களிடம் சொல்லுவாள். அவர்கள் அவளுக்கு நன்றி சொல்லுவார்கள். கடைப் பெயர்ப் பலகையில் அத்தா பெயர் இருக்கிறது. ஊர் வாயில் அது 'டீச்சர் கடை' ஆகிவிட்டது. சரக்கு கொண்டுவருகிற லாரிக்காரர்கூட ஒரு நாள் தொலைபேசியில், "டீச்சர் கடைதானே?" என்று கேட்டார். "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு உளுந்து வரவில்லை.

வருபவர்களில் கெட்டிக்காரி வசந்தா. பாசிர் ரிஸில் வீட்டிலிருந்தபடி தீபாவளிக்குப் பாதாம் பிஸ்கட் செய்து விற்பவர். மாவு அளக்கிற சமையல் தராசு வீட்டில் இருந்ததால், பயறு வாங்கி வைத்துத் தினமும் அள்ளிப் பழகினார். வாரத்தில் ஒரு நாள் வருவார், ஜெயிப்பார். அவர் அள்ளும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஜெயித்ததும் ரஹீமாவும் அவரும் கட்டிக்கொள்வார்கள். அவரைப் பார்த்து மற்றவர்களும் வீட்டில் தராசு வாங்கிப் பழக ஆரம்பித்தார்கள்.

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிரிக்குச் சகுனத் தடை செய்வான் என்று ஒரு மனிதனைப் பற்றிச் சொல்வார்கள். தீபாவளிக்கு முந்திய அந்த வாரம், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஸ்க்ரூடிரைவரோடு குந்தியிருந்த மனிதன் அவன்தான். ஆறு கிராம் ஈயம் எடுத்தேன். பழகிய கைகள் தோற்க வேண்டும், தராசு சரியில்லை என்று முணுமுணுக்க வேண்டும், ரஹீமா மேசையை மடித்து வைக்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

வெள்ளிக்கிழமை வசந்தா அள்ளினார். தட்டு கீழே இறங்கியது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், என் கை போயிடுச்சா?"

நான் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை

மறுநாள் தீபாவளிக் கூட்டம். பாதாமும் முந்திரியும் அள்ள அள்ளப் போய்க்கொண்டிருந்த மதியம், எங்கள் மின் தராசு நின்றுவிட்டது. தட்டினேன், கம்பியைப் பிடுங்கிச் சொருகினேன். அசையவில்லை. வரிசை முணுமுணுத்தது. பழுதுபார்ப்பவர் சாயங்காலம்தான் வருவேன் என்றார்.

ரஹீமா வாசலுக்குப் போய்த் தட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே அந்தக் கல்லையும்.

"எல்லாம் இருநூறு இருநூறா போட்டுக் கொடுக்கலாம். இது சரியான தராசுதானே, எல்லாரும் பாத்திருக்கீங்க லா?"

"பாத்திருக்கோம் டீச்சர்" என்றது வரிசை.

முத்திரை இல்லாத பழைய தராசில் விற்பனைக்கு எடை போடக்கூடாது. சட்டமே என் பக்கம் இருந்தது. "வேணாம் ரஹீமா, சட்டப்படி தப்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் என்றுகூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் யாரோ கைதட்டினார்கள். கடை நின்றுபோகாமல் டீச்சர் காப்பாற்றிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷத்தில், அவள் மாட்டிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

நாலு மணி நேரம் அவள் எடை போட்டாள். முள் நடுவில் நிற்கிற வரைக்கும் ஒவ்வொரு பாதாமாகச் சேர்த்தாள். சில பேருக்கு, "பண்டிகை இல்லையா" என்று மேலே இரண்டு போட்டாள். நான் பொட்டலங்களுக்கு விலை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று வசந்தாவும் வந்து ஐந்து பொட்டலம் வாங்கினார்.

கட்டைவிரல்

திங்கள் காலை அந்த ஐந்து பொட்டலங்களோடும் வசந்தா வந்தார். கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். வசந்தா குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க லா. அஞ்சும் நூத்தித் தொண்ணூத்தி நாலு, அஞ்சுதான் காட்டுது. என் தராசுதான் கோளாறோன்னு மக வீட்டுத் தராசுலயும் போட்டுப் பாத்தேன். பிஸ்கட் அளவு மாறிடும், அதான்."

ரஹீமா ஒரு பொட்டலத்தை மின் தராசில் வைத்தாள். சனிக்கிழமை சாயங்காலமே அதைப் பழுது பார்த்துவிட்டிருந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்று நாலு. கல்லை எடுத்து வந்து வைத்தாள். நூற்றுத் தொண்ணூற்று நாலு.

கல்லைத் திருப்பினாள்.

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். குழியில் ஸ்க்ரூடிரைவர் போட்ட கீறல்கள் புதிதாகப் பளபளத்தது எனக்கே தெரிந்தது. ரஹீமா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. யாரென்று அடையாளம் தெரியாதவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை அந்தக் குழியின் மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"பழைய கல்லு வசந்தா, தேஞ்சிருக்கு. நான்தான் சரி பாக்காம போட்டுட்டேன். என் தப்பு."

பேரீச்சம்பழம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி திரும்பினார். "அன்னைக்கு நானும் வாங்கினேன். வெளியில விளையாட்டு காட்டிட்டு உள்ள எடையில அடிக்கிறீங்களா டீச்சர்?"

இருபது வருஷம் களிமண்ணைச் சமமாகப் பிய்த்தவளிடம் கேட்ட கேள்வி. ரஹீமாவின் முகம் சிவந்து கண் நிறைந்தது. ஆனால் விரலை எடுக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், நன்றி வந்திருக்க வேண்டும். இரண்டும் பிறகுதான் வந்தன. முதலில் வந்தது பொறாமைதான். என் பாவத்தையும் தூக்கிக்கொண்டு, அங்கேயும் அவளே உயர்ந்து நிற்கிறாளே என்று பொறுக்கவில்லை. சிரிப்பீர்கள். ஆனால் என் வாயைத் திறந்தது அதுதான்.

"அது தேயல. நான்தான் ஈயத்தைத் தோண்டினேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

வசந்தாதான் கேட்டார்.

"ஏன் பாய்?"

"எல்லாரும் அவளையே தேடி வந்தீங்க. எனக்குப் பொறுக்கல."

"உங்க கடைதானே பாய்?" என்றார் வசந்தா. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

ரஹீமா கல்லை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் விரலில் குழியின் அச்சு வட்டமாகப் பதிந்திருந்தது.

என் கையெழுத்தில்

மூன்று நாள் அவள் என்னோடு பேசியது ஒரே ஒரு வாக்கியம். "எழுதி ஒட்டுங்க." நான் எழுதினேன். 'சனிக்கிழமை மதியம் இங்கே வாங்கிய பாதாம், முந்திரி எடை குறைவு. செய்தது கடைக்காரனாகிய நான். என் மனைவி அல்ல. தயவுசெய்து வந்து புதுப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள்.' ரஹீமா தன்னுடைய வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டாள். அவளுடைய கையெழுத்தில் எழுதியிருந்தால் அழகாக இருந்திருக்கும்.

ஆட்கள் வந்தார்கள். சிலர் சண்டை போட்டார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கவே வந்தார்கள். சிலர், ஆறு கிராம்தானே, விடுங்க பாய் என்று பரிதாபப்பட்டார்கள். அவர்களைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாருக்கும் மின் தராசில், அவர்கள் கண் முன்னால், இருநூறு கிராம் போட்டுக் கொடுத்தேன். ரஹீமா உள்ளே மிளகாய் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கவில்லை.

கடைசியாக வந்தவர் வசந்தா. தீபாவளி முடிந்திருந்தது. ஐந்து பொட்டலம் அவருக்கு வர வேண்டும். முதல் பொட்டலத்தைப் போட்டேன். எண் இருநூறு என்று சிவப்பாக எரிந்தது. நீட்டினேன். வசந்தா கையை நீட்டவில்லை. தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார்.

ரஹீமா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். அந்தப் பொட்டலத்தை என் கையிலிருந்து எடுத்தாள். உள்ளங்கையில் ஏந்தி ஒரு நொடி தூக்கிப் பார்த்தாள்.

"சரியாத்தான் போட்டிருக்காரு வசந்தா."

"நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று வசந்தா வாங்கிக்கொண்டார். மிச்சம் நாலு பொட்டலமும் அதேபோல்தான் போயின. நான் போடுவேன், ரஹீமா தூக்கிப் பார்ப்பாள், தலையசைப்பாள், வசந்தா வாங்குவார்.

இன்றைக்கும் எடை போடுவது நான்தான். வாங்குபவர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை. ரஹீமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கை நீட்டுகிறார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் எனக்காகத் தலையசைக்கிறாள். அந்தத் தலையசைப்பைப் பார்த்து இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.